கைலியா, பேன்ட்டா, ஜுப்பாவா? ஸஜ்தாவில் தெரியும் விடை

அம்ர் இப்னு ஸலிமா (ரலி) அவர்களுக்கு அப்போது வயது ஆறோ ஏழோ. மக்கா வெற்றிக்குப் பின் அவருடைய கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, அவ்வழியே சென்ற பயணிகளிடம் கேட்டுக் கேட்டே மற்ற எவரையும்விட அதிகமாகக் குர்ஆனை மனனம் செய்திருந்த அந்தச் சிறுவரையே தொழுகைக்கு இமாமாக முன்னிறுத்தினார்கள். அவர் மேல் இருந்ததோ ஒரே ஒரு போர்வை. நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்குப் போனால் அது சுருங்கி மேலேறிவிடும். அந்தக் கூட்டத்துப் பெண் ஒருத்தி, "உங்கள் ஓதுபவரின் பின்புறத்தை எங்கள் கண்ணில் படாமல் மறைக்க மாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டாள். உடனே துணி வாங்கி, வெட்டி, அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்காகத் தாம் மகிழ்ந்தது போல வேறெதற்காகவும் மகிழ்ந்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

நின்றபோது குறையேதும் இல்லாத ஆடை, குனிந்தபோது குறையுடையதாகிவிட்டது என்பதுதான் இந்த நிகழ்ச்சியில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைக்கும் இடம். என் அக்காள் மகன் சென்னையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, "மாமா, ஆபீஸுக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் சேர்த்து நாலைந்து உருப்படி தைக்க வேண்டும், அத்தா கரண்டைவரை வரும் ஜுப்பாவே எடு என்கிறார், உம்மா கைலி போதும் என்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டபோதும் இதைத்தான் முதலில் சொன்னேன். அவன் தாய்வழியில் நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள், ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்டப் பிரிவைப் பின்பற்றுபவர்கள். அவனுடைய தகப்பனார் வழியோ ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. ஆகவே ஒரே கேள்விக்கு அவன் வீட்டிலேயே இரண்டு சட்ட நூல்களின் விடையும் தேவைப்பட்டது.

உடைகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஆடை ஒழுக்கம் என்றாலே பெண்களைப் பற்றிய பேச்சு என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தவும் கற்பைக் காக்கவும் இடப்படும் கட்டளை 30-ஆம் வசனத்தில் ஆண்களுக்குத்தான் முதலில் வருகிறது, பெண்களுக்கு உரியது அதற்கடுத்த வசனத்தில்தான். ஆண் மறைத்தாக வேண்டிய பகுதி, அதாவது அவ்ரத், தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இருசாராரும் ஒன்றுபடுகிறார்கள். வேறுபாடு விளிம்பில்தான்: ஷாஃபிஈயில் முழங்கால் அவ்ரத்தில் சேராது, ஹனஃபியில் சேரும். தொடையைப் பற்றியே பழங்காலத்தில் கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. கைபர் போர் நாளில் நபி (ஸல்) அவர்களின் தொடை தெரிந்ததாக அனஸ் (ரலி) அறிவிப்பதையும், தொடை அவ்ரத் என்று ஜர்ஹத் (ரலி) அறிவிப்பதையும் அருகருகே வைத்துவிட்டு, அனஸின் அறிவிப்புத் தொடர் வலுவானது, ஜர்ஹதின் அறிவிப்பைப் பின்பற்றுவது பேணுதலானது என்று இமாம் புகாரி எழுதியிருப்பது, அந்த நூலில் நான் மிகவும் ரசிக்கும் வரிகளில் ஒன்று.

மறைப்பது எப்படி என்பதற்கும் விதி உண்டு. தோலின் நிறம் துணிக்கு வெளியே தெரியக் கூடாது. உடலின் வடிவம் தெரிந்தால் தொழுகை செல்லும், ஆயினும் அது சிறந்ததன்று. இவற்றோடு ஷாஃபிஈ நூல்களில் வரும் ஒரு நுணுக்கம் நம் ஒப்பீட்டுக்கு மிகவும் உதவக்கூடியது: மறைப்பு மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் இருக்க வேண்டும், கீழிருந்து இருக்க வேண்டியதில்லை. அதாவது, உயரமான இடத்தில் நின்று தொழுபவரை ஒருவர் கீழிருந்து அண்ணாந்து பார்த்து ஏதாவது தெரிந்தால் தொழுகைக்குக் கேடில்லை. ஆனால் ருகூவில் குனியும்போது அவருடைய கழுத்துப்பட்டை வழியே உள்ளே தெரிந்தால் கேடு. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் கைலி, பேன்ட், ஜுப்பா மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் தேறுகின்றன, வெவ்வேறு இடங்களில் சறுக்குகின்றன.

கைலியிலிருந்து தொடங்குகிறேன். சில ஊர்களிலும் இலங்கையிலும் இதைச் சாரம் என்பார்கள். அந்தச் சொல் மலாய் மொழியின் 'சாரோங்' கரையேறி வந்தது. பதிலுக்கு நம் கரையிலிருந்து போனதும் உண்டு: கட்டம் போட்ட கைலியை மலேசியாவில் இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள், அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். சுமார் 2 மீட்டர் துணியின் இரு முனைகளையும் சேர்த்து மூட்டிவிடுவதால் கைலிக்குத் திறப்பு என்பதே கிடையாது. உள்ளே நின்று, மிச்சத் துணியை முன்பக்கம் மடித்துச் செருகும்போது, மறைவு அதிகம் தேவைப்படும் முன்புறத்தில் தானாகவே இரண்டு மூன்று அடுக்கு விழுகிறது. பின்புறத்தில் துணி உடலைப் பிடிக்காமல் தொங்குவதால் ஸஜ்தாவில் வடிவம் தெரிவதில்லை. கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறதே என்ற கேள்விக்கு மேலே சொன்ன விதியே பதில். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, இடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கட்டுபவரே தீர்மானிக்கலாம் என்பது. தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டி, மேலே பச்சை நிற அகலப் பெல்ட்டைப் போட்டுவிட்டால் எத்தனை ரக்அத் தொழுதாலும் அது இறங்காது. அந்தப் பெல்ட்டை வெளிநாடு போய்வரும் சபுராளிகளின் அடையாளம் என்று கேலி செய்பவர்கள், அது பணம் வைக்க மட்டும் பிறந்ததில்லை என்பதை யோசித்திருக்க மாட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களின் காலத்து இஸார் என்னும் இடுப்புத் துணிக்கு நம்மிடையே உள்ள உடைகளில் மிக நெருக்கமானது கைலிதான் என்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த இஸாரைப் பற்றி வந்த எச்சரிக்கைகளும் கைலிக்கு அப்படியே பொருந்தும் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஒற்றைத் துணியைச் சுற்றிக்கொண்டு, மறைவுறுப்பின் மேல் வேறு மறைப்பு இல்லாமல், முழங்கால்களைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிக்கொண்டு உட்கார்வதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். மாலை நேரத்தில் எந்த ஊர்த் திண்ணையைப் பார்த்தாலும் கைலிக்காரர்கள் அமர்ந்திருக்கும் கோலம் அதுதான். அடுத்தது மடித்துக் கட்டுவது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியவுடன் தொடையின் கீழ்ப்பகுதி வெளியே வந்துவிடுகிறது. இரு மத்ஹபின்படியும் அது மறைக்க வேண்டிய இடம். பெரியவர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பெரியவர் கடந்து போனதும் மறுபடி மேலே ஏறுகிறதே, அப்போது எதிரே வருபவர்களுக்கு மறைக்க வேண்டியதில்லையா? இந்தக் குறைகள் துணியினுடையவை அல்ல, உடுத்துபவருடையவை. உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டால் பாதி தீர்ந்துவிடும்.

வெள்ளைக் கைலிக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை. வெண்ணிற ஆடையை உடுத்துங்கள், அது உங்கள் ஆடைகளில் சிறந்தது என்று ஹதீஸ் இருப்பதால் ஜும்ஆவுக்கு வெள்ளைக் கைலி எடுப்பவர்கள் பலர். கடையின் மாடியில் குழல்விளக்கின் கீழே அது கெட்டியாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து, வெயில் விழும் வாசற்படியில் ஒருவரைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி, உள்ளே இருந்து பாருங்கள். இரண்டு கால்களும் நிழலாகத் தனித்தனியே தெரிந்தால் உள்ளாடை இல்லாமல் அதைக் கட்டக் கூடாது. அடர்ந்த கட்டம் போட்ட கைலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. என்னைக் கேட்டால், மெல்லிய வெள்ளையைவிடக் கெட்டியான கட்டமே மேல்.

வேட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூட்டாத துணி என்பதால் நடக்கும்போதும் ருகூவில் குனியும்போதும் முனை விலகும். நாலு முழம் எடுத்தால் ஒற்றை அடுக்கு. எட்டு முழம் எடுத்தால் இரண்டு அடுக்கு கிடைத்து, மறைவும் கூடும். வேட்டியே பழக்கமானவர்கள் எட்டு முழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு எடுக்கும் பட்டு வேட்டி மட்டும் கணக்கிலேயே வராது, பட்டு நூல் ஆணுக்கு ஹராம். நான்கு விரல் அகலத்துக்குள் அடங்கும் பட்டுக் கரைக்கு ஹதீஸில் அனுமதி இருக்கிறது, அவ்வளவே. செயற்கைப் பட்டு என்று விற்கப்படுவது புழுவின் பட்டு இல்லையாதலால் அதற்கு இந்தத் தடை பொருந்தாது.

இப்போது பேன்ட். இது அந்நியர் உடை என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஷாம் (சிரியா) நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்ததும், அதன் கை மிக இறுக்கமாக இருந்ததால் தொழுகைக்கு முன் ஒளுச் செய்து கழுவக் கையை மேலே சுருட்ட முடியாமல் உள்ளிருந்து கீழ்வழியாக வெளியே எடுத்ததும் முகீரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. அன்று ஷாம் ரோமர்களின் ஆட்சியில் இருந்தது. எங்கே தைத்தது என்பது அங்கே கேள்வியாகவில்லை. கால்சட்டை அன்றைக்கே அரபியருக்குத் தெரிந்த உடையும்கூட; ஹஜ், உம்ராவுக்கான இஹ்ராம் நிலையில் இஸார் கிடைக்காதவர் கால்சட்டை அணிந்துகொள்ளலாம் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆகவே பேன்ட்டின் மீதான என் குறை அதன் பிறப்பைப் பற்றியது இல்லை, இன்று அது வெட்டப்படும் விதத்தைப் பற்றியது.

எந்தப் பள்ளிவாசலிலும் லுஹர் என்னும் நண்பகல் கூட்டுத் தொழுகையில் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையைக் கவனித்தால் தெரியும். இறக்கமான இடுப்போடு தைக்கப்பட்ட ஜீன்ஸ், அதற்கு மேல் இடுப்பெலும்போடு நின்றுவிடும் சட்டை. நிற்கும்போது இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன. ருகூவில் சட்டை இரண்டு விரல் ஏறுகிறது. ஸஜ்தாவில் முதுகு வளைந்ததும் சட்டை இன்னும் மேலே போக, பேன்ட்டின் இடுப்பு கீழே இழுபட, நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றுடம்பு. தொப்புளின் மட்டம் முதுகுப் பக்கமும் சுற்றி வரும் என்பதால் அந்த நான்கு விரல் அகலமும் அவ்ரத்தில் சேர்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் அது தெரிந்து, உடனே மறைக்காமல் விட்டால் தொழுகை முறிந்துவிடும். ஹனஃபியில் ஓர் உறுப்பின் கால் பகுதி, தொழுகையின் ஒரு ருக்னை, அதாவது ஒரு கட்டாய அங்கத்தை, நிறைவேற்றும் நேரம் திறந்திருந்தால் முறியும். அளவில் சற்று இடம் கிடைக்கிறதே தவிர, அந்தக் கோலத்துக்கு அனுமதி கிடைப்பதில்லை. பின்வரிசையில் நிற்பவருடைய பார்வையின் கதியையும் நினைத்துப் பாருங்கள், ஸஜ்தாவின் இடத்தைப் பார்க்க வேண்டிய கண் அவருக்கு எங்கே போய் நிற்கும்?

நபியவர்களின் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. சிறிய துணிகளைப் பிள்ளைகளைப் போலக் கழுத்தில் முடிந்துகொண்டு தொழுத ஆண்கள் இருந்தார்கள். அதனால் பின்வரிசைப் பெண்களிடம், ஆண்கள் நிமிர்ந்து உட்காரும்வரை தலையை உயர்த்தாதீர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கு வேறு துணி இல்லை. நம் பிள்ளைகளின் அலமாரியிலோ துணிக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த சிக்கல் கால்பக்கம். கரண்டைக்காலுக்குக் கீழே இறங்கும் ஆடையைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. தம் ஆடையின் ஒருபக்கம் தானாகவே இறங்கிவிடுகிறதே என்று அபூபக்ர் (ரலி) கேட்டபோது, நீர் பெருமைக்காக அப்படிச் செய்பவர் அல்லர் என்று நபியவர்கள் சொன்னதையும் வைத்து, பெருமைக்காக என்றால் ஹராம், இல்லையென்றால் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்று இமாம் நவவி விளக்குகிறார். சவூதி அறிஞர்கள் பலர் எந்த நிலையிலும் கூடாது என்பார்கள். இந்த இரண்டில் எதை எடுத்தாலும், பள்ளிவாசல் வாசலில் நின்று பேன்ட்டின் கீழ்ப்பக்கத்தை அவசரமாகச் சுருட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கம் தீர்வாகாது. ஏழு எலும்புகள் மீது ஸஜ்தா செய்யவும், ஆடையையும் முடியையும் மடக்காமல் இருக்கவும் தாம் கட்டளையிடப்பட்டதாக நபியவர்கள் சொன்ன ஹதீஸ் இருக்கிறது. ஒரு மக்ரூஹிலிருந்து தப்பிக்க இன்னொரு மக்ரூஹில் காலை வைக்கிறோம். தைக்கும்போதே கரண்டைக்கு மேல் நிறுத்திவிட்டால் சுருட்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பேன்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருசக்கர வண்டியில் காற்றுக்குத் தூக்காது, மாடிப்படியில் தடுக்காது, அலுவலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இடுப்பு தொப்புள்வரை ஏறி நிற்க வேண்டும், உட்காருமிடத்திலும் தொடையிலும் லூஸ் விட வேண்டும், இழுத்தால் நீளும் துணியை எடுக்கக் கூடாது, சட்டை வழக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிய பேன்ட்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு மலிவான வழி: நீளமான பனியன் ஒன்றை வாங்கி உள்ளே செருகிக்கொள்ளுங்கள். சட்டை ஏறினாலும் பனியன் ஏறாது. சட்டையையே உள்ளே விட்டு 'இன்' செய்வதும் முதுகை மறைக்கும், ஆனால் பின்புறத்தின் வடிவத்தை மறைக்காது.

ஜுப்பாவில் முதுகுப் பிரச்சினையே எழாது. கழுத்திலிருந்து கரண்டைவரை ஒரே துணி. நபியவர்களுக்கு ஆடைகளில் மிகவும் பிடித்தமானது கமீஸ் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் அந்த நீளச் சட்டையின் வாரிசு என்று இதைச் சொல்லலாம். மருமகனின் தகப்பனாரான என் மச்சானின் வாதமும் இதுதான். ஆனால் இதன் பலவீனம் கழுத்தில் இருக்கிறது. வேட்டைக்குப் போகும் தாம் ஒற்றைச் சட்டையில் தொழலாமா என்று ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) கேட்டபோது, தொழலாம், ஆனால் அதற்குப் பொத்தான் போட்டுக்கொள்ளும், ஒரு முள்ளைக் கொண்டாவது சேர்த்துக்கொள்ளும் என்று நபியவர்கள் சொன்னார்கள். உள்ளே வேறு ஆடை இல்லாமல், மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, வளைகுடா விமான நிலையத்தில் வாங்கிய மெல்லிய பாலியஸ்டர் ஜுப்பாவில் தொழுபவர் அந்த ஹதீஸின் எச்சரிக்கைக்கு நேர் எதிரே நிற்கிறார். ஆகவே உள்ளே பைஜாமாவோ கைலியோ கட்டாயம் வேண்டும். ஆயத்த ஜுப்பாக்களில் பல வளைகுடாக்காரரின் உயரத்துக்கு வெட்டப்பட்டவை, நம் ஆட்கள் போட்டால் தரையைக் கூட்டும். கீழே மடித்துத் தைக்காமல் போடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக உடுத்தும் 'புகழ் ஆடை'க்கு மறுமையில் இழிவின் ஆடை என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. குவைத்திலோ துபாயிலோ ஜுப்பா ஊரார் எல்லாரும் உடுத்துவது, அங்கே அது யாருடைய கண்ணையும் இழுப்பதில்லை. ஐம்பது பேர் சட்டை பேன்ட்டில் உட்கார்ந்திருக்கும் சென்னை அலுவலகத்தில் ஒருவர் மட்டும் பளபளக்கும் வெள்ளை ஜுப்பாவில் வந்தால், அதை அவர் எந்த எண்ணத்தோடு உடுத்தினார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலான கணக்கு. வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் அந்தத் தயக்கம் தேவையில்லை, பள்ளிக்குப் போகும்போது அழகை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே குர்ஆன் சொல்கிறது.

முழங்கால்வரை வரும் ஜிப்பாவும் பைஜாமாவும் சேர்ந்த உடைதான் எல்லா நிலையிலும் குறைவான குறையோடு தேறுகிறது. முதுகும் ஏறாது, கழுத்து வழியே தெரிந்தாலும் உள்ளே பைஜாமா இருக்கிறது, வண்டியும் ஓட்டலாம். பைஜாமா கணுக்காலைப் பிடிக்கும் இறுக்கமான ரகமாக இல்லாதவரை எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. அரைக்கால் சட்டையை விளையாட்டுக்கு மட்டும் பேசினால் போதும்: ஷாஃபிஈக்காரர் முழங்காலைத் தொடும் அளவில் போட்டால் நிற்கும்போது சரி, உட்கார்ந்தால் மேலேறும். ஹனஃபிக்காரருக்கு முழங்காலே மறைய வேண்டும் என்பதால் முக்கால் பேன்ட்தான் வழி. இரண்டு குடும்பத்துப் பிள்ளைக்கும் முக்கால் பேன்ட்டே பொருந்தும் என்றேன்.

மருமகனுக்கு நான் சொன்ன கணக்கு இது: அலுவலகத்துக்கு உயர்ந்த இடுப்பில் மூன்று பேன்ட், நீளச் சட்டை நான்கு, ஜும்ஆவுக்கு ஒரு ஜிப்பா பைஜாமா, வீட்டுக்கும் அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கும் கட்டம் போட்ட கைலி இரண்டு. ஜுப்பாவைப் பெருநாளுக்கு அத்தா வாங்கித் தரட்டும், அவர் ஆசையையும் கெடுக்க வேண்டாம். ஆயத்த உடையில் இந்த அளவுகள் கிடைக்காது என்பதால் தையற்கடைக்கே அழைத்துப் போனேன். அளவுக்காகக் கொண்டுவந்த பழைய சட்டையையும் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு அவன் கண்ணாடி முன் நின்றான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "வாப்பா, அந்த மூலையில் ஒரு ஸஜ்தா செய்து காட்டு" என்றேன். கூச்சத்தோடு கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்தான். டெய்லர் பின்னால் நின்று ஒரு கணம் பார்த்தார், ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்தார், சட்டை உயரம் 28 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 31 என்று எழுதினார்.